எட்டு மணிக் கோழி

எங்கள் வீட்டில் ராத்திரி எட்டு மணிக்குக்
கோழி கூவும்.
போனில் எத்தனையோ மணியோசை இருந்தும்
பிரம்மசக்திக்கு அதுதான் வேண்டுமாம்.
"பொழுதடைஞ்ச பெறகு கூவுத சவத்துக்குப்
பைத்தியமா புடிச்சிருக்கு?" என்று
பக்கத்து வீட்டு அன்னத்தாய் சிரிப்பாள்.
கூவி முடிப்பதற்குள்
ஒரு மாத்திரை, ஒரு செம்பு தண்ணீர்.
அவ்வளவுதான்.

மாசம் ஒருதரம் பணகுடியிலிருந்து
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறோம்.
வள்ளியூர் தாண்டும்வரை காற்றாடிகளை எண்ணுவாள்.
திரும்புகையில் பைக்குள் டப்பா குலுங்கும்.
கிலுகிலுவென்று அது பஸ்ஸுக்கெல்லாம் சொல்லிவிடும் என்று
மூடியைத் திறந்து பஞ்சு திணிப்பாள்.
ஆறாங்கிளாஸ் பிள்ளைக்கு
யார் சொல்லிக்கொடுத்தது இதை?

நானில்லை.
நான் சொல்லிக்கொடுத்தது வேறு.
அண்ணன் போய், மதினியும் போய்
இவளைக் கூட்டிவந்த வாரம்
எவர்சில்வர் தட்டு ஒன்றின் அடியில்
ஆணியால் கீறல் போட்டவன் நான்தான்,
மற்ற தட்டுகளோடு கலந்துவிடக் கூடாதென்று.
அவள் பார்க்கவில்லை என்று
இரண்டு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.
மெர்சி சிஸ்டர் ஐந்து முறை, ஆறு முறை
சலிக்காமல் சொன்னபிறகு
தட்டுகள் எப்படியோ கலந்தன.
நேற்று அது எனக்கு வந்தது.
அடியில் விரல் தட்டுப்பட்டது.
சோறு இறங்கவில்லை.

"கோகோ டீம்ல சேத்துட்டாங்க சித்தப்பா.
அம்பாசமுத்திரத்துல மேட்ச். ரெண்டு ராத்திரி."

வேண்டாம் என்று சொல்ல
என்னிடம் இருபது காரணம் இருந்தது.
விழுந்தால்? முட்டி பெயர்ந்தால்?
எட்டு மணிக்கு யார் தண்ணீர் கொடுப்பார்கள்?
அவளிடம் ஒன்றுதான்:
"நான் நல்லா ஓடுவேன்."

சிஸ்டருக்குப் போன் போட்டேன்.
"தொட்டா ஒட்டாது, வெளையாண்டா ஒட்டாது.
அடிபட்டா எந்தப் பிள்ளைக்கும் கட்டுத மாதிரிக் கட்டணும்.
போகட்டும் அண்ணாச்சி.
ரிப்போர்ட்டப் பாத்தீங்கள்லா?"

பார்த்தேன்.
கிருமியின் எண்ணிக்கை இருக்கவேண்டிய கட்டத்தில்
எண் இல்லை.
'கண்டறியப்படவில்லை.'
தாலுகா ஆபீஸ் தாளில் இந்த வார்த்தை வந்தால் அழுவோம்.
இதில் வந்ததற்கும்
பஸ்ஸுக்குள் அழுதேன், வேறு மாதிரி.

இரண்டாம் நாள் இருப்புக்கொள்ளவில்லை.
முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டேன்.
முந்தின நாள் சாரலில் மைதானம் சேறு.
எட்டுப் பிள்ளைகள் வரிசையாய்
ஒருத்தி கிழக்கே ஒருத்தி மேற்கே பார்த்துக் குந்தியிருக்க
மூன்றாவதாக என் மகள்.
துரத்துகிறவள் வந்து
"கோ!" என்று முதுகில் ஒரு அடி.
பாய்ந்தாள்.

அடித்த சத்தம்
வேலிக்கு இந்தப் பக்கம் கேட்டது.

மறுபடி குந்தினாள். மறுபடி முதுகில் கை.
வேறொரு கை. இன்னொன்று.
நான் பாயிண்ட் பார்க்கவில்லை,
கைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
பதினேழில் விட்டுப்போயிற்று.
மஞ்சள் பனியன் முதுகெங்கும்
விரல் விரலாகச் சேறு.
அண்ணன் வீட்டுத் துஷ்டிக்கு வந்த நூறு பேரில்
இந்த முதுகைத் தடவ
ஒரு கை நீளவில்லை,
என் கையும் சேர்த்து.

தோற்றுவிட்டார்கள், ஒரே ஒரு பாயிண்டில்.
ராத்திரி எட்டுக்குக் கோழி கூவியபோது
கிளாஸ்ரூமில் படுத்திருந்த பிள்ளைகள் அத்தனையும்
கூடவே கூவினார்களாம்.
"என்ன மாத்திரைட்டி அது?" என்று
ஒருத்தி கேட்டாளாம்.
"நீ என்ன சொன்ன?"
"நான் தெனமும் போடுத மாத்திரைன்னேன்.
சரின்னுட்டுப் படுத்துட்டா."

டப்பாவைத் திறந்து எண்ணினேன்.
இரண்டு குறைந்திருந்தது, சரியாக.
பஞ்சு அப்படியே இருக்கிறது.
அதை எடு என்று சொல்ல
எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

பனியனை ஊறவைக்க எடுத்த
பேச்சித்தாயிடம் மட்டும் சொன்னேன்,
இன்னைக்கு ஒருநாள்
கொடியில் கிடக்கட்டும் என்று.